கேட்டவர்கள் முன்பே இருந்தார்கள்: 2017இல் ஸ்பானிய, போர்த்துகீசியப் பாட்டு

2017 மே 27 தேதியிட்ட பில்போர்டு இதழின் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில், லூயிஸ் ஃபோன்சியும் டேடி யாங்கியும் பாடிய ஸ்பானியப் பாட்டு 'டெஸ்பாசிட்டோ' முதலிடத்துக்கு வந்தது. 16 வாரம் அந்த இடத்தை விடவில்லை. மரையா கேரியும் பாய்ஸ் டு மென் குழுவும் 1995-96இல் வைத்திருந்த சாதனைக்குச் சமம் அது. அமெரிக்காவின் இந்தப் பட்டியல் 1958இல் தொடங்கியது. பெரும்பகுதி ஸ்பானியத்தில் அமைந்த பாட்டு அதில் முதலிடம் பிடித்தது அதற்கு முன் இரண்டே முறைதான்: 1987இல் 'லா பாம்பா', 1996இல் 'மக்கரேனா'.

அந்த ஆண்டு எங்கே பார்த்தாலும் 'லத்தீன் அலை' என்ற பேச்சு. உலகம் திடீரென்று ஸ்பானியம் கேட்கத் தொடங்கிவிட்டது போன்ற தொனி. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் 40 கோடிக்கும் மேல், போர்த்துகீசியம் பேசுகிறவர்கள் 20 கோடிக்கும் மேல். இவர்கள் எல்லாரும் 2017இல் வந்து சேர்ந்தவர்கள் இல்லை. பாட்டைக் கேட்பவர்களை எண்ணும் முறை மாறி, அந்த எண்ணிக்கைக்குள் இவர்களும் வந்தார்கள் என்பதே என் வாதம். அந்த ஆண்டில் நடந்த பலவற்றை இந்த ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் விளங்கும், போர்த்துகீசியப் பாட்டு ஏன் வேறு வழியில் போனது என்பது உட்பட.

எண்ணும் முறை

ஹாட் 100 மூன்று கணக்குகளின் கலவை: விற்பனை, வானொலி ஒலிபரப்பு, ஸ்ட்ரீமிங். மூன்றுமே அமெரிக்காவுக்குள் நடப்பவை மட்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பொகோட்டாவிலோ மாட்ரிட்டிலோ ஒரு பாட்டைக் கோடிப் பேர் கேட்டாலும் இந்தப் பட்டியலில் ஒரு புள்ளி ஏறாது. யூடியூபில் வீடியோவின் கீழே ஓடும் எண் உலகம் முழுவதற்குமானது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் 2017 புரியாது.

நெடுங்காலம் அமெரிக்காவுக்குள் ஒரு பாட்டின் பலத்தைத் தீர்மானித்ததில் வானொலிக்குப் பெரும் பங்கு இருந்தது. ஸ்பானிய நிலையங்கள் இருந்தன, ஆனால் ஆங்கில நிலையங்களோடு ஒப்பிட்டால் அவற்றின் மொத்த நேயர் தொகை சிறியது. பில்போர்டின் தனி லத்தீன் பாட்டுப் பட்டியலே 2012 அக்டோபர் வரை ஸ்பானிய வானொலி ஒலிபரப்பை மட்டும் வைத்துத்தான் தயாரானது. அந்த மாதம் விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்தன. 2013 பிப்ரவரியில் ஹாட் 100 கணக்கில் யூடியூபும் சேர்ந்தது. அதன்பின் டெக்சாஸில் ஒரு சமையல்கட்டில் போனை நிமிர்த்தி வைத்து ஒரு ஸ்பானியப் பாட்டைப் பத்து முறை ஓடவிட்டால், பத்து முறையும் எண்ணப்பட்டது. நிலையத்தில் யாரும் அதைத் தேர்ந்தெடுத்து ஒலிபரப்ப வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ஸ்பாட்டிஃபை ஸ்பெயினில் 2008இலேயே இருந்தது. மெக்சிகோவுக்கு 2013 ஏப்ரலிலும், பிரேசிலுக்கு 2014 மே மாதத்திலும் வந்தது. திருட்டு சிடியும் சாலையோரக் கடையும் ஆண்ட சந்தைகள் இவை. அங்கே பாட்டு கேட்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் அவர்கள் ஒவ்வொரு முறை கேட்பதும் ஒரு எண்ணாக நின்றது.

2017 ஜனவரி நடுவில் வெளியான டெஸ்பாசிட்டோ இந்த ஏற்பாட்டுக்குள்தான் வந்து விழுந்தது. லூயிஸ் ஃபோன்சி 1998 முதல் காதல் பாட்டுகளுக்காக அறியப்பட்டவர், கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவான்காரர். கூடப் பாடிய டேடி யாங்கி, ராப்பும் கரீபியத் தாளமும் கலந்த நடன இசையான ரெகேட்டோனின் பெரிய பெயர். ஃபோன்சியோடு சேர்ந்து எழுதிய எரிகா எந்தர் பனாமாவில் பிறந்தவர், தாய் பிரேசிலியர். தயாரிப்பு அந்திரேஸ் தோரஸ், மவுரிசியோ ரெங்கிஃபோ. 'டெஸ்பாசியோ' என்றால் மெதுவாக. அதோடு '-இத்தோ' விகுதி சேரும்போது 'மெள்ள மெள்ள' என்று நாம் சொல்வதன் இதம் வருகிறது.

மூலப் பாட்டு ஸ்பானிய உலகத்தில் உடனே பற்றிக்கொண்டது. ஹாட் 100இல் மட்டும் ஏப்ரல் வரை 40ஐத் தாண்டி மேலே வரவில்லை. காரணம் ஆங்கில வானொலி. ஏப்ரல் 17 அன்று ஜஸ்டின் பீபர் சேர்ந்த ரீமிக்ஸ் வந்தது. அவர் கொலம்பியாவில் கச்சேரிக்குப் போனபோது இந்தப் பாட்டைக் கேட்டு, தானே சேர விரும்பிப் பாடியது. அடுத்து 48ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் 9ஆம் இடம், அதிலிருந்து மூன்று வாரத்தில் முதலிடம்.

இந்தத் தாவலுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ரீமிக்ஸும் மூலமும் பட்டியலில் பொதுவாக ஒரே பாட்டாகத்தான் எண்ணப்படும். ஸ்பானிய நேயர்கள் மூலத்துக்குத் தரும் புள்ளியும், பீபரின் குரலால் ஆங்கில நிலையங்கள் தரும் புள்ளியும் ஒரே வரிசையில் குவியும். மக்கரேனாவிலும் இதுவே நடந்தது. செவில் பக்கத்து இரட்டையரான லோஸ் டெல் ரியோவின் பாட்டுக்கு மயாமியின் பேசைட் பாய்ஸ் ஆங்கில வரிகள் சேர்த்த பிறகுதான் அது அமெரிக்காவில் ஏறியது. இருபத்தோரு ஆண்டு இடைவெளியில் அதே சாவி.

ஆனால் பீபர் பல்லவியை ஸ்பானியத்திலேயே பாடினார். அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட ரீமிக்ஸ்கள் அந்த ஆண்டிலும் பின்பும் எத்தனையோ வந்து காணாமல் போயின. மூலப் பாட்டு தன் வீட்டில் வேரூன்றும் முன்பே விருந்தாளியைக் கூட்டி வந்தால் சேர்வதற்குப் புள்ளி இருக்காது. பல்லவியையே ஆங்கிலமாக்கினால் கேட்பவர் மூலத்துக்குத் திரும்புவதில்லை, அவர் மனதில் அது இரண்டு பாட்டாகப் பிரிந்துவிடும்.

ஜூலை 19 அன்று யுனிவர்சல் நிறுவனம், எல்லா வடிவங்களும் சேர்த்து 460 கோடி முறை ஸ்ட்ரீமாகி, அதுவரை உலகில் அதிகம் ஸ்ட்ரீமான பாட்டு இது என்று அறிவித்தது. ஆகஸ்ட் 4 அன்று வீடியோ யூடியூபில் 300 கோடியைத் தொட்டது. அந்த எண்ணைத் தொட்ட முதல் வீடியோ. அதில் பீபர் கிடையாது. சான் ஹுவானின் பழைய கோட்டை மதிலுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் லா பெர்லா குடியிருப்பில் எடுத்த மூல வீடியோதான் அது. உலகக் கணக்கில் வென்றது ஸ்பானிய வடிவம், அமெரிக்கக் கணக்கில் உதவியது ரீமிக்ஸ். ஜூலையில் மலேசிய அரசு வானொலி, வரிகளின் பொருளைப் பற்றிப் புகார் வந்ததால் பாட்டை நிறுத்தியது. தனியார் நிலையங்களுக்கும் யூடியூபுக்கும் அந்தத் தடை பொருந்தவில்லை. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தகிட தகிட தக

மொழி புரியாதவரையும் ஆட வைத்தது எது என்று கேட்டால், தாளத்தைத்தான் காட்ட வேண்டும். ரெகேட்டோனின் அடித்தாளத்துக்கு டெம்பவ் என்று பெயர். ஒரு சுற்றை 16 சம கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலால் அடிக்கும் பெரிய முரசான கிக் டிரம் 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில் விழும். குச்சியால் அடிக்கும் சிறு முரசான ஸ்நேர் 4, 7, 12, 15இல் விழும். இதை வாயால் சொல்லிப் பார்ப்பது இன்னும் எளிது: தகிட தகிட தக, தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. ஒவ்வொரு தொகுதியின் முதல் 'த' கிக்குக்கு, அடுத்த இரண்டு 'த'வும் ஸ்நேருக்கு. கிக்கின் இரண்டாவது அடி நடுத் தகிடவின் 'கி'யில் வந்து உட்காரும்.

அந்தக் 'கி'தான் உயிர். ஸ்நேர் 4இல் அடித்து முடித்த மறுகட்டமே கிக் 5இல் இடிக்கிறது. டெஸ்பாசிட்டோ நிமிடத்துக்குச் சுமார் 89 பீட் வேகம். அதாவது ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய 0.17 நொடி. அந்தச் சிறு இடைவெளியில் இரண்டு அடிகள் தோளோடு தோள் இடிப்பதால்தான் இடுப்பு தானாக அசைகிறது. மேடைக் குழுக்கள் இதை வாசிக்கும்போது அடிக்கடி நடக்கும் தவறு, ஸ்நேரைப் பழக்கதோஷத்தில் 5க்கும் 13க்கும் நகர்த்திவிடுவது. அப்போது அது சாதாரண டிஸ்கோ தாளமாகிவிடும், பாட்டு தட்டையாகக் கேட்கும். இன்னொரு தவறு, உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவது. யாங்கியின் ராப் பகுதியில் அசைகள் நெருக்கமானவை. வேகம் கூடினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

பாட்டின் மற்ற உறுப்புகள் எளிமையானவை. பி மைனர், ஜி, டி, ஏ என நான்கு கார்டுகள் முதலிலிருந்து கடைசிவரை அதே வரிசையில் சுழல்கின்றன. தொடக்கத்தில் கம்பிக் கருவியாக ஒலிப்பது குவாத்ரோ. புவேர்ட்டோ ரிக்கோவின் நாட்டுக் கருவி. பெயருக்குப் பொருள் நான்கு என்றாலும் இன்றைய குவாத்ரோவில் ஐந்து இரட்டைகளாகப் பத்துக் கம்பிகள் இருக்கும். ஒவ்வொரு சுரமும் இரண்டு கம்பிகளில் ஒருசேர ஒலிப்பதால் அந்தப் பளபளப்பு. இதைக் கீபோர்டின் கிடார் ஒலியில் வாசித்தால் பாட்டின் ஊர் காணாமல் போய்விடும். பல்லவிக்குச் சற்று முன் தாளம் அடங்கி, 'டெஸ்-பா-சீ-த்தோ' என்று அசை அசையாக இழுபடுகிறது. மெள்ள என்ற சொல்லைப் பாட்டும் மெள்ளச் சொல்கிறது. எழுத்தும் தயாரிப்பும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்ட இடம் அது, அந்த ஆண்டின் மிக நேர்த்தியான மூன்று நொடி.

இந்தத் தாளம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். இதன் வேர் ஜமைக்கா. ஸ்டீலி, க்ளீவி என்ற இரட்டைத் தயாரிப்பாளர்கள் 1989 வாக்கில் செய்த தாளம், 1990இல் ஷாபா ராங்க்ஸின் 'டெம் பவ்' பாட்டில் பெயர் பெற்றது. பனாமாவின் ஸ்பானியப் பாடகர்கள் வழியாகவும் நியூயார்க் வழியாகவும் அது புவேர்ட்டோ ரிக்கோவின் அரசுக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தது. அங்கே 1995இல் போலீஸ் கடைகளில் புகுந்து இந்தக் கேசட்டுகளைப் பறிமுதல் செய்தது. 2004இல் டேடி யாங்கியின் 'கசோலினா' உலகம் சுற்றியது. மூல இரட்டையர் தரப்போ 2021இல்தான் நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் பேசப்பட்டன. ஒரு தாள அமைப்பு யாருக்காவது சொந்தமாக முடியுமா என்பது சட்டத்தின் கேள்வி. ஜமைக்காவின் பெயரைச் சொல்லாமல் ரெகேட்டோனின் வெற்றியைக் கொண்டாடக் கூடாது என்பது என் கருத்து.

அந்த ஆண்டின் இரண்டாவது பெரிய பாட்டு ஜூன் 30 அன்று வந்தது. கொலம்பியாவின் ஜே பால்வினும் பிரான்சின் வில்லி வில்லியமும் சேர்ந்த 'மி ஹென்டே'. 105 பீட், முகவீணை போலக் கீச்சிடும் ஒரே ஒரு சொற்றொடர், மிகக் குறைந்த வரிகள். இதற்கும் ரீமிக்ஸ் வந்தது, ஆனால் காரணம் வேறு. செப்டம்பர் 19 அன்று மத்திய மெக்சிகோவில் நிலநடுக்கம். மறுநாள் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைக் கடந்தது, தீவு முழுவதும் மின்சாரம் போனது. கோடை முழுக்க உலகம் எந்தத் தீவின் பாட்டுக்கு ஆடியதோ, அந்தத் தீவு இருளில் கிடந்தது. மாத இறுதியில் பியான்சே சேர்ந்த மி ஹென்டே வெளியாகி, அவர் பங்கு நிவாரணத்துக்குப் போனது. அக்டோபரில் அது ஹாட் 100இல் மூன்றாம் இடம் வந்தபோது டெஸ்பாசிட்டோவும் முதல் பத்துக்குள் இருந்தது. ஆங்கிலமல்லாத இரண்டு பாட்டுகள் ஒரே வாரத்தில் அங்கே இருந்தது அதுவே முதல்முறை.

நவம்பர் 16 அன்று லத்தீன் கிராமி இசை விருது விழாவில் டெஸ்பாசிட்டோ நான்கு விருதுகளை வென்றது. ஆண்டின் ஆல்பம் விருதோ ரூபென் பிளாதெஸின் சல்சா இசைக்குழுப் பதிவுக்குப் போனது. ஒன்பது பரிந்துரைகளோடு முன்னணியில் இருந்தவர் புவேர்ட்டோ ரிக்கோவின் ராப் பாடகர் ரெசிதென்தே. ஓட்டுப் போட்ட இசைக்கலைஞர்களின் ருசி ஸ்ட்ரீமிங் எண்களோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு இது போதுமான சாட்சி.

எண்களுக்கு அடியில் இன்னொன்று வளர்ந்துகொண்டிருந்தது. புவேர்ட்டோ ரிக்கோவின் பாடகர் பேட் பன்னி 2017இல் ஒரு ஆல்பமும் வெளியிடவில்லை. முதல் ஆல்பம் 2018 கிறிஸ்துமஸ் ஈவில்தான். அத்தீவின் வேகா பாஹா ஊரில் சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்த்துக்கொண்டே சவுண்ட்கிளவுட் இணையதளத்தில் பாட்டுப் போட்டவர், 2017 முழுக்கத் தனிப்பாட்டுகளும் பிறர் பாட்டுகளில் பங்களிப்பும் மட்டும் செய்தே பெயர் பெற்றார். பாடகிகள் கரோல் ஜி, பெக்கி ஜி இருவரின் அந்த ஆண்டு வெற்றிகளிலும் அவர் குரல் உண்டு. ஆல்பம் என்ற அலகு இல்லாமலே ஒரு கலைஞர் வளரலாம் என்ற நிலையைப் புதிய கணக்குதான் உண்டாக்கியது.

போர்த்துகீசியத்தின் வழி

போர்த்துகீசியப் பாட்டுக்கு 2017இன் முதல் பெரிய நாள் மே 13. ஐரோப்பிய நாடுகள் தலைக்கு ஒரு பாட்டோடு மோதும் யூரோவிஷன் போட்டியின் கீவ் நகர இறுதியில் போர்ச்சுகலின் சால்வதோர் சொப்ரால் 758 புள்ளிகளோடு வென்றார். நடுவர்களிடம் 382, பொதுமக்கள் வாக்கில் 376, இரண்டிலும் முதலிடம். 1964 முதல் போட்டியிட்டு வந்த நாட்டுக்கு அதுவே முதல் வெற்றி. பாட்டை எழுதியவர் அவருடைய அக்கா லூயிசா சொப்ரால். மூன்று பீட் வால்ட்ஸ் நடை, ஜாஸ் சாயல், நடனக்குழு இல்லை, வாணவேடிக்கை இல்லை. அரங்கின் நடுவே ஒரு சிறு வட்ட மேடையில் ஒருவர் நின்று பாடினார். அவருக்கு இதய நோய் கடுமையாக இருந்ததால் முதல் ஒத்திகைகளில் அக்காவே அவர் இடத்தில் நின்று பாடினார். டிசம்பரில் அவருக்கு இதய மாற்று சிகிச்சை நடந்தது.

யூரோவிஷனில் 1999 முதல் எந்த மொழியிலும் பாடலாம். அதன்பின் பெரும்பாலான நாடுகள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. முழுக்க வேறு மொழியில் பாடி வென்றது 2007இல் செர்பியாவுக்குப் பிறகு இதுவே. இங்கும் எண்ணும் முறைக்குப் பங்கு உண்டு. தன் நாட்டுக்குத் தானே வாக்களிக்க முடியாது என்பதால், பெரும்பாலும் போர்த்துகீசியம் அறியாதவர்களின் வாக்கில்தான் இந்தப் பாட்டு வென்றது.

பிரேசிலுக்கு இப்படி வெளியிலிருந்து யாரும் கேட்கத் தேவையில்லை. இருபது கோடிக்கு மேல் மக்கள், தனக்கென வானொலி, தனக்கென நட்சத்திரங்கள். ஸ்பானியப் பாட்டு ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குத் தாவித் தாவி வளர்கிறது. கொலம்பியாக்காரர் மெக்சிகோவில் விற்க வேண்டும், அதனால் கூட்டுப் பாட்டு பழக்கமாகிறது. பிரேசிலியருக்கு எல்லை தாண்ட வேண்டிய அவசரம் இருந்ததில்லை. 2017இல் அங்கே வானொலியை ஆண்டது செர்த்தனேஜு என்ற உள்நாட்டுக் கிராமியப் பாணி. அதில் மரீலியா மென்டோன்சா, இரட்டையர்கள் மையாரா-மரைசா, சிமோனி-சிமாரியா என்று பெண்களின் குரல் முன்னே வந்த காலம் அது. பெரும்பாலும் ஆண்களே அழுது குடித்துப் பாடிய பாணியில், ஏமாற்றப்பட்ட பெண்ணும் ஏமாற்றிய பெண்ணும் தங்கள் தரப்பைப் பாடினார்கள். இவ்வளவு பெரிய நிகழ்வு பிரேசிலுக்கு வெளியே ஏறக்குறையத் தெரியவே இல்லை.

வெளியே தெரிந்தது ஃபங்க். இதற்கும் அமெரிக்க ஃபங்குக்கும் பெயரைத் தவிரப் பெரிய உறவு இல்லை. 1980களில் ரியோவின் நடனக் கூடங்களில் ஓடிய மயாமி பேஸ் இசையில் தொடங்கி, உள்ளூர் முழவு ஒலிகள் சேர்ந்து, வழக்கமாக 130 பீட் வேகத்தில் ஓடுவது. ரெகேட்டோனைவிட மிக வேகம், ஆனால் அடுக்குகள் மிகக் குறைவு. தாளம், குரல், நடுவே ஒரு சிறு இழை, அவ்வளவுதான். 2017 மார்ச்சில் சாவோ பாவ்லோவின் எம்சி ஃபியோட்டி வெளியிட்ட 'பும் பும் தம் தம்' பாட்டில் அந்த இழை, ஐரோப்பியச் செவ்விசை மேதை பாக் தனிப் புல்லாங்குழலுக்கு எழுதிய ஏ மைனர் பார்த்தீத்தா என்ற இசைக்கோவையின் ஒரு துண்டு. அதைச் சிறு துண்டாக வெட்டிச் சுழலவிட்டால் மகுடி போல ஒலிக்கிறது. கோண்ட்ஸில்லா என்ற யூடியூப் சேனலில் வெளியான அந்த வீடியோ, 2018இல் 100 கோடி பார்வையைத் தொட்ட முதல் பிரேசில் வீடியோவானது. அந்தச் சேனலை 2012இல் தொடங்கிய கொன்ராட் தான்டாஸ் கடற்கரை ஊரான குவாருஜாவில் வளர்ந்தவர். வானொலி கதவைத் திறக்காத பாணிக்கு யூடியூப் சேனலே வானொலியானது.

அதே 2017இல் ஃபங்கைக் குற்றமாக்க வேண்டும் என்ற பொதுமக்கள் மனு ஒன்று இணையத்தில் 20,000 கையெழுத்தைத் தாண்டியதால் பிரேசில் மேலவைக் குழுவின் முன் வந்தது. அறிக்கை எழுதும் பொறுப்பு முன்னாள் கால்பந்து வீரரும் அப்போதைய செனட்டருமான ரொமாரியோவுடையது. செப்டம்பரில் குழு அதை நிராகரித்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் 1995இல் கேசட்டைப் பறித்த அதே மனநிலைதான் இதுவும்.

பிரேசில் பாடகி அனிட்டா இந்த ஆண்டு முழுவதையும் திட்டமிட்டு ஆடினார். ரியோவின் ஃபங்கிலிருந்து வந்தவர். மே மாதம் ஸ்பானியத்தில் ஒரு தனிப்பாட்டு. செப்டம்பர் முதல் மாதத்துக்கு ஒன்று வீதம் நான்கு பாட்டுகள்: முதல் இரண்டு ஆங்கிலத்தில், மூன்றாவது ஜே பால்வினோடு. ஒவ்வொன்றும் வேறொரு சந்தையைத் தட்டிப் பார்த்தது. நான்காவதாக டிசம்பர் 18 அன்று வந்த 'வாய் மலாந்த்ரா' போர்த்துகீசியம், ஃபங்க், ரியோவின் விதிகல் குன்றுக் குடியிருப்பில் எடுத்த வீடியோ. வெளிநாட்டுச் சந்தைக்கு என்று செய்த மூன்றையும்விட வீட்டு மொழியில் செய்த இதுவே உயரே போனது. ஸ்பாட்டிஃபையின் உலகப் பட்டியலில் முதல் 20க்குள் நுழைந்த முதல் போர்த்துகீசியப் பாட்டு இது. ஹாட் 100 போலில்லாமல் அந்தப் பட்டியல் நாடு பார்க்காமல் எண்ணுகிறது. ஸ்பாட்டிஃபை பிரேசிலுக்கு வந்து மூன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது, அதற்குள் பிரேசில்காரர்கள் தங்கள் வீட்டிலிருந்தே ஒரு பாட்டை உலகப் பட்டியலுக்கு ஏற்றிவிட்டார்கள்.